‘ஃபாலோயிங்’: சனிக்கிழமைகளில் உருவான நுவார்

நுவார் எனப்படும் இருண்ட குற்றப் படங்களில் பாதி வேலை இருட்டுடையது. 1940-களின் ஹாலிவுட்டில் இந்தப் பாணி உருப்பெற்றபோது, வசதியுள்ள ஸ்டுடியோக்கள் இருட்டை அழகுக்காகக் கையாண்டன. வசதியற்றவை மறைப்புக்காகக் கையாண்டன. பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் (1944) ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ், ஜன்னல் பட்டைகளின் நிழலைக் குற்றவாளிகளின் மேல் கம்பி கம்பியாக விழவைத்தார். மறு ஆண்டு எட்கர் உல்மர் எடுத்த ‘டீடூர்’ படத்தில் நியூயார்க் தெருவுக்கு செட் போட வழியில்லை. பனிமூட்டத்தைப் பரப்பி, காதலர் இருவரை அதற்குள் நடக்கவிட்டார்கள். சிக்கனம் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. போகிற வழி தெரியாத இருவர்தான் படுகிறார்கள்.

கையில் காசில்லாத மாணவர்கள் நுவாரை நாடுவதற்கு இதுவே காரணம். ஆனால் பெரும்பாலான மாணவர் படங்கள் தொப்பி, சிகரெட் புகை, ஒற்றை விளக்கு என்ற அலங்காரத்தோடு நின்றுவிடுகின்றன. அலங்காரத்தைத் தாண்டி, உத்தியைக் கொண்டே பொருளைச் சொன்ன படம் கிறிஸ்டோபர் நோலனின் ‘ஃபாலோயிங்’ (1998).

கறாராகப் பார்த்தால் இது மாணவர் படம் அல்ல. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்த நோலன், அங்கிருந்த திரைப்படச் சங்கத்தில் குறும்படங்கள் எடுத்துப் பழகியவர். ‘ஃபாலோயிங்’ அவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. எடுத்த விதம் மட்டும் முழுக்க மாணவர் விதம். நடித்தவர்களும் உதவியவர்களும் வாரநாள்களில் வேறு வேலைக்குப் போகும் நண்பர்கள். அதனால் ஏறக்குறைய ஒரு வருடம் சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. 16 எம்.எம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், சுமார் 6,000 டாலர் செலவு, 70 நிமிடத்துக்குள் அடங்கும் நீளம். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றும் நோலன். கச்சா ஃபிலிமை வீணாக்க முடியாது என்பதால், நாடகத்துக்குச் செய்வதுபோல் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள்.

கதை எளிமையாகத் தொடங்குகிறது. எழுத்தாளனாக ஆசைப்படும், வேலையில்லாத இளைஞன் ஒருவன் தெருவில் போகிறவர்களைப் பின்தொடர்கிறான். ஒரே ஆளை இரண்டாம் முறை தொடர்வதில்லை என்று தனக்கொரு விதி வைத்திருக்கிறான், அதை மீறுகிறான். மீறிய இடத்தில் கோப் என்ற திருடன் வந்து எதிரே உட்கார்ந்து, ஏன் என் பின்னால் வருகிறாய் என்று கேட்கிறான். அதிலிருந்து இருவரும் சேர்ந்து வீடு புகுகிறார்கள்.

ஒளியில் நோலனுக்கு அதிகத் தேர்வு இல்லை. பெரும்பாலும் ஜன்னல் வழியே வந்ததுதான் ஒளி. பழைய நுவாரின் கத்தி வெட்டுப் போன்ற நிழல் இங்கே கிடைக்காது. லண்டன் மேகத்தின் வழியே கசியும் சாம்பல் வெளிச்சமும் 16 எம்.எம். ஃபிலிமின் சொரசொரப்பும்தான் கிடைக்கின்றன. அதுவே படத்துக்கு ஆவணத்தன்மை தருகிறது. தெருக் காட்சிகளில் தோளில் தூக்கிய கேமரா, கூட்டத்தில் ஒரு முதுகைத் தேடிப் போகிறது. குறுக்கே வருகிறவர்கள் அதை மறைக்கிறார்கள். ஸ்டாண்ட் போட்டு எடுத்திருந்தால் பின்தொடர்பவனைப் பார்த்திருப்போம். இப்படி எடுத்ததில் பார்வையாளரும் பின்தொடர்பவர் ஆகிறார்.

படத்தின் உச்சம் பொருள்களைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. கோப் பணத்துக்காகத் திருடுவதில்லை, அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும் என்கிறான்: புகைப்படம், கடிதம் என்று விலை போகாத, ஆனால் தூக்கிப் போடவும் மனம் வராத சாமான்கள். அதைக் கவிழ்த்துக் கொட்டுகிறான். ஒரு வீட்டில் எடுத்த பெண்ணின் உள்ளாடையை வேறொரு வீட்டு ஆணின் கால்சட்டைப் பையில் செருகிவிட்டுப் போகிறான். திருட்டை விட அத்துமீறல்தான் அவன் ருசி. சினிமாப் பாஷையில் இந்தச் சாமான்கள் ‘ப்ராப்பர்ட்டி’. வசனம் எவ்வளவு சொல்லியும் ஏற்படுத்த முடியாத கூச்சத்தை, கையுறை போட்ட ஒரு கை அடுத்தவர் சாமானைப் புரட்டும் க்ளோசப் ஏற்படுத்திவிடுகிறது.

இன்னொரு காட்சியில் இளைஞன், கோப்பைச் சோதிக்கத் தன் சொந்த அறைக்கே திருடக் கூட்டிப் போகிறான். கதவில் ஒரு பேட்மேன் ஸ்டிக்கர். நோலன் பின்னாளில் எடுக்கப்போகும் பேட்மேன் படங்களை நினைத்து ரசிகர்கள் இதைப் பெரிதாகப் பேசுவார்கள். அதை விட ரசிக்க வேண்டியது, கோப் அறையில் கிடப்பவற்றைப் பார்த்தே உரிமையாளனை எடைபோட்டு இகழ்வதும், உரிமையாளன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொள்வதும்.

கதை மூன்று காலங்களாக வெட்டிக் கலைக்கப்பட்டிருக்கிறது. எது முன், எது பின் என்று காட்ட எழுத்துப் பலகை கிடையாது. இளைஞனின் தோற்றமே நாள்காட்டி. கலைந்த தலைமுடி என்றால் தொடக்கம். முடி வெட்டி, கோட்டு சூட்டு என்றால் நடு. வீங்கிய முகம் என்றால் முடிவு. காயம் முதலில் வருகிறது, அடி பின்னால் வருகிறது. பழைய நுவாரில் விதியைப் பற்றிக் கதைசொல்லியின் குரல் புலம்பும். இங்கும் இளைஞன் ஒரு காவல் அதிகாரியிடம் கதை சொல்கிறான்தான், ஆனால் விதியை உணர்த்துவது படத்தொகுப்பு. இதில் ஒரு நுட்பம் உண்டு. இளைஞனுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு துண்டும் நம்பும்படி இருக்கிறது. அவனை ஏமாற்ற அவற்றை அடுக்கியவன் கோப். பார்வையாளருக்குக் கிடைக்கும் துண்டுகளும் அப்படித்தான், அடுக்கியவர் நோலன். ஏமாற்றப்பட்டவனின் நிலையைப் பார்ப்பவரே அனுபவிக்கிறார். வித்தைக்காக மட்டும் காலத்தைக் குலைத்த படங்கள் ஏராளம். இதில் குலைப்புக்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. வசனம் சில இடங்களில் ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. லூசி ரஸ்ஸல் நடித்த பெண் பாத்திரம் நுவாரின் வழக்கமான மோகினி அச்சிலிருந்து அதிகம் விலகவில்லை. அவளுக்குப் படம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அலெக்ஸ் ஹாவின் கோப் மட்டும் எந்தக் காட்சியிலும் நழுவாமல் நிற்கிறான்.

அடுத்து வந்த ‘மெமெண்டோ’வில் (2000) நோலனுக்கு வண்ண ஃபிலிமும் தொழில்முறை நடிகர்களும் கிடைத்தார்கள். அதில் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் வண்ணக் காட்சிகள் பின்னோக்கியும் ஓடுகின்றன. ‘ஃபாலோயிங்’கில் காலத்தைப் பிரித்துக் காட்டும் அந்த வேலையை ஒரு முடிவெட்டு செய்திருந்தது.