அடுக்களையில் கிடந்த சாட்சியம்

1916ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரை ஊரான பிராவின்ஸ்டவுனில், பழைய மீன்கிடங்கு ஒன்றை அரங்கமாக்கி நண்பர் குழு ஒன்று புதிய ஓரங்க நாடகங்களை நடத்தியது. அந்தக் கோடையை நாடக வரலாறு யூஜின் ஓநீலைக் கண்டெடுத்த காலமாகவே நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய நாடகம் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான், ஜூலை இறுதியில். அதே மேடையில் ஆகஸ்ட் 8 அன்று சூசன் கிளாஸ்பெல்லின் 'ட்ரைஃபிள்ஸ்' அரங்கேறியது. எழுதியவரே அதில் மிசஸ் ஹேலாக நடித்தார்.

'ட்ரைஃபிள்ஸ்' என்றால் அற்ப விஷயங்கள். பண்ணைவீட்டில் ஜான் ரைட் தூக்கத்தில் கழுத்து நெரிபட்டுச் செத்திருக்கிறான். மனைவி மினி சிறையில். ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் மாடியிலும் தொழுவத்திலும் தடயம் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் அடுக்களையில் நிற்கிறார்கள். குளிரில் வெடித்த பழ ஜாடிகள், பாதியில் விட்ட வேலை, நேராகப் போய்த் திடீரெனக் கோணிய ஒட்டுத்துணித் தையல், கதவு பிய்ந்த கூண்டு, பட்டுத்துணியில் சுற்றிவைத்த, கழுத்து திருகப்பட்ட பறவை. ஆண்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோன பொருள்களிலிருந்து ஒரு தாம்பத்தியம் முழுவதையும் இவர்கள் படித்துவிடுகிறார்கள். படித்ததை மறைத்தும்விடுகிறார்கள். முடிவில் தையலைப் பற்றி வழக்கறிஞர் கேட்கும் கிண்டல் கேள்விக்கு மிசஸ் ஹேல் சொல்லும் பதிலில் 'முடிச்சு' வருகிறது. கொலைக்கயிற்றின் முடிச்சு நமக்குத் தெரிகிறது. அவருக்குத் தையல் மட்டுமே கேட்கிறது.

ஓரங்க நாடகத்தைப் பெரிய நாடகத்துக்கான ஒத்திகையாகப் பார்க்கும் விமர்சகர்கள் அந்த வழக்கறிஞரின் இடத்தில்தான் நிற்கிறார்கள். மினியின் முப்பது ஆண்டுகளை இந்த நாடகம் காட்சிகளாக விரிக்கவில்லை. விரிக்காததால்தான் பார்வையாளரும் சாமான்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரமும் ஒரே அறையும் அதற்குப் போதும். சின்ன மேடையில் பாதியில் நின்ற தையல் கடைசி வரிசைவரை தெரியும்.

ஆனாலும் இந்த நாடகத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. வகுப்பில் வாசித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ அந்தம்மா மேடைக்கு வரவே மாட்டாங்களா மேம்?" வரமாட்டாள். அவளுக்காக மற்றவர்கள் பேசுகிறார்கள். அவர்கள் நினைவுகூரும் மினி பாடகர் குழுவில் பாடிய, அழகாக உடுத்திய, பறவைபோன்ற பெண். அவள் சிடுமூஞ்சியாக, பாட்டே வராதவளாக இருந்திருந்தால் அந்தப் பறவையை மறைத்திருப்பார்களா?

கிளாஸ்பெல் இளம் நிருபராக ஐயோவாவில் எழுதிய உண்மை வழக்கு இதற்கு அடிப்படை. 1900 டிசம்பரில் ஜான் ஹாசாக் என்ற விவசாயி தூக்கத்தில் கோடரியால் வெட்டப்பட்டார். மனைவி மார்கரெட் கைதானார். ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1903இல் நடந்த மறுவிசாரணையில் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. தான் கொல்லவில்லை என்பதே மார்கரெட்டின் வாக்குமூலம். நாடகமோ, கொன்றவள் மினிதான் என்று தீர்மானித்துக்கொண்டு அவளை மன்னிக்கிறது. பரிவு இருக்கிறது, அவள் சொன்ன சொல்லுக்கு இடமில்லை.

இதனால் நாடகத்தின் மதிப்பு குறைவதாக நான் நினைக்கவில்லை. அடுக்களையைச் சாட்சியாக ஏற்க வைத்தது பெரிய காரியம். ஆனால் பெண்ணுக்காகப் பேசுவதும் பெண்ணைப் பேசவிடுவதும் ஒன்றல்ல. நம் கல்லூரி விழாக்களுக்கு ஓரங்கம் எழுதுகிற பெண்கள் இந்த இரண்டில் எதைச் செய்கிறோம் என்று எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல பெண்ணாக இல்லாத ஒருத்தியை மேடைக்கு நடுவில் நிறுத்தி, அவள் வாயாலேயே பேசவைக்க அரை மணி நேரம் தாராளம்.