மேலும், மேலும், மேலும்

ஊர்ப்பெயர் பற்றி எழுதிய என் பழைய பதிவு ஒன்றைப் போன வாரம் திரும்பப் படித்தேன். ஒன்பது இடத்தில் ‘மேலும்’. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன், எதுவும் குறையவில்லை. இரண்டு பத்திகளை இடம் மாற்றினேன். அப்பவும் ஒன்றும் ஆகவில்லை. சரளமான நடை என்று நான் நினைத்தது வெறும் ஒட்டு வேலை.

பரிமேலழகர் இந்த விஷயத்தில் கறாரானவர். திருக்குறளின் 133 அதிகாரங்களுக்கு நடுவே வள்ளுவர் இணைப்புச் சொல் எதுவும் வைக்கவில்லை. இதற்குப் பின் இது ஏன் என்று ‘அதிகார முறைமை’ சொல்பவர் உரைகாரர்தான். கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வான் சிறப்பு ஏன்? கடவுள் ஆணைப்படி உலகமும் அறமும் நடக்க மழை காரணம், அதனால். இந்த ‘அதனால்’ ஒரு வாதம். ஏற்கலாம், மறுக்கலாம். மறுக்க இடமும் இருக்கிறது: அதிகாரத்துக்குள் குறள்களை மணக்குடவர் வேறு வரிசையில் வைத்து உரை எழுதியிருக்கிறார். அப்படியும் பொருள் வருகிறது. ஆக, சில தொடர்புகள் வள்ளுவர் வைத்தவை அல்ல, உரைகாரர் கட்டியவை.

‘ஆனால்’, ‘ஏனென்றால்’ எல்லாம் வாசகருக்குக் கணக்குக் காட்டும் சொற்கள். ‘மேலும்’ அப்படி இல்லை. “இன்னும் கொஞ்சம் இருக்கு” என்று மட்டும் சொல்லும்.

என் பதிவில் ஒரு ‘மேலும்’ இருந்த இடத்தில் உண்மையில் ‘ஆனால்’ வந்திருக்க வேண்டும். என் முடிவை மறுக்கும் சான்றை ஆதரவு போலச் சேர்த்திருக்கிறேன். சொல்லை மாற்றினேன். இப்போது முடிவையும் மாற்ற வேண்டியிருக்கிறது.