குழாய் ஸ்பீக்கரில் ஹனீபா

முத்துப்பேட்டைப் பக்கம் தர்கா கந்தூரி விழா நாளில் ராத்திரி வயல்வெளியில் நின்று பாடகர் இசைமுரசு நாகூர் ஹனீபாவைக் கேட்க வேண்டும். பகலில் பக்கத்துத் தெருவோடு நின்றுவிடுகிற பாட்டு, சாமத்தில் அடுத்த ஊர் வரை வந்து சேரும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கிறபோது, மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. குறுக்கே மேடும் இல்லை. பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள இந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் கேட்கும்.

அந்தப் பாட்டைக் கொண்டுவரும் குழாய் ஸ்பீக்கர் அடிநாதத்தையும் மிக உச்ச ஒலியையும் விட்டுவிடும். நடுவில் உள்ளதைத்தான் நன்றாகக் கொடுக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. இசைமுரசின் குரல் உச்சத்தில் ஏறும்போது அந்தக் குழாய்க்கென்றே பிறந்ததுபோல வரும். ஓர் எழுத்தும் மழுங்காது.

சபுர் என்று வெளிநாடு போய் வந்தவர்கள் ஒரு காலத்தில் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன் கொண்டுவந்தார்கள். இன்று காசுள்ள வீடுகளில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் ஒயர்கள் பேசப்படுகின்றன. மாட்டியதும் குரலை மூடியிருந்த திரை விலகுமாம். நான் நம்பவில்லை. நாலைந்து மீட்டர் தூரத்துக்குப் போதிய தடிமனுள்ள சாதாரணச் செம்புக் கம்பி போதும். சந்தேகமிருந்தால், எந்த ஒயர் என்று கேட்பவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்துவது முக்கியம். அரை டெசிபல் கூடினால் அது சத்தமாகத் தோன்றாது, தெளிவாகத் தோன்றும். கடைகளில் பலர் மயங்குவது இந்த இடத்தில்தான்.

டிஜிட்டல் தர எண்களிலும் இதே கதைதான். 1982-இல் வந்த சிடி, நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. மனிதக் காது எட்டும் 20,000 ஹெர்ட்ஸுக்கு அது போதும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 14,000-கூட எட்டாது. அதைவிட உயர்ந்த தரப் பதிவுகளை வைத்து அமெரிக்காவின் பாஸ்டனில் மேயர், மோரன் இருவரும் நடத்திய சோதனை முடிவு 2007-இல் வெளிவந்தது. எது உயர்ந்த தரம், எது சிடி தரம் என்று மொத்தம் 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும்.

அதற்காக எல்லாக் கருவியும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஸ்பீக்கர் மாறினால் குரலே மாறும். அறை அதைவிடப் பெரிது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள புது வீட்டில் ஹனீபாவின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கேயே கனத்த திரைச்சீலை தொங்கவிட்டு, ஒரு மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் வரிக்கு வரி பிரிந்து கேட்கும். பதிவு எல்லாவற்றிலும் பெரிது. பழைய கேசட்டில் இரைச்சலுக்கு நடுவே, அடுத்த அடிக்கு அவர் மூச்சு இழுப்பதைக் கேட்கலாம். அதே பாட்டுக்கு எதிரொலி சேர்த்து, ஏற்ற இறக்கத்தை நசுக்கி மறுபடி வெளியிடும்போது அந்த மூச்சு போய்விடுகிறது. எந்த வெள்ளி ஒயரும் அதைத் திருப்பித் தராது.

ஹனீபா 2015-இல் மறைந்தார். இந்தக் கரையோர வீடுகளின் பரண்களில் இருக்கும் கேசட்டுகள் உப்புக்காற்றில் பூசணம் பிடித்து வருகின்றன. ஒயருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல கேசட் டெக்கைப் பழுதுபார்த்து, நாடாவைப் படிக்கும் அதன் முனையைத் துடைத்து, அவற்றை இந்த வருஷமே கணினியில் ஏற்றிவிடுங்கள்.