உதிரும் இதழின் வேகம்

கார்ட்டூன் என்றதும் சிறுவர்க்கான வேடிக்கை என ஒதுக்குவோர் நம்மில் இன்னும் பலர். ஜப்பானியர் அவ்வாறு கொள்வதில்லை. அங்கே வரைந்த உருவங்களும் காதலிக்கும், முதுமையுறும், இறக்கும். மகோத்தோ ஷின்காய் இயக்கிய 'வெதரிங் வித் யூ' 2019 அக்டோபரில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்ததே, இந்திய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பமிட்டதன் பயன்தான். அவர் 2007-இல் தந்த 'வினாடிக்கு 5 சென்டிமீட்டர்' என்னும் காதற்படம், அவிநாசிப் பக்கத்துப் பனியன் கம்பெனித் தொழிலாளர் வரை கைப்பேசி வழியே வந்து சேர்ந்துள்ளது. ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும் அப்படத்தைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

செர்ரி மலரின் இதழ் தரை நோக்கி இறங்கும் வேகமே படத்தின் பெயராயிற்று. கதை மூன்று பகுதிகளால் ஆனது. பள்ளித் தோழமையில் அன்பு கொண்ட தகாகி, அகாரி இருவரையும் குடும்பங்களின் இடமாற்றம் பிரிக்கிறது. அவளைக் காண அவன் ஏறிய ரயில் பனிப்பொழிவில் நின்று நின்று செல்கிறது. ஏழு மணிக்குக் குறித்த சந்திப்புக்குப் பதினொரு மணிக்கு மேல்தான் போய்ச் சேருகிறான். கையில் தரவிருந்த கடிதத்தை வழியிலேயே காற்று பறித்துக்கொண்டது. அவளோ நிலையத்துக் காத்திருப்பு அறையில், சமைத்துக் கொணர்ந்த உணவோடு அமர்ந்திருக்கிறாள். பனியும், பெட்டியின் விளக்கொளியும், திறந்து மூடும் கதவுமே அவன் நெஞ்சின் அச்சத்தை உரைக்கின்றன. நிலமும் பொழுதும் தலைவனுக்காகப் பேசும் அகத்திணை மரபில் வந்த நமக்கு இம்முறை அந்நியமன்று.

ஒன்றரை ஷிப்டு முடித்து அறைக்குத் திரும்பும் இளைஞர் இப்படத்தில் தம்மைக் காண்பதில் வியப்பில்லை. தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். விட்டுவந்த முகம் ஒன்று பலருக்கும் உண்டு. "எங்க கதைதான் சாமி இது, நாலு தடவை பாத்துட்டேன்" என்றார், தையல் பிரிவில் வேலை செய்யும் ஒருவர். ஒவ்வொரு முறையும் அழுததாகவும், அழுதபின் மனத்துக்கு இதமாக இருந்ததாகவும் கூறினார். அந்த இதம்தான் நம்மைச் சிந்திக்க வைத்தது. கார்த்தேஜ் நகரத்து நாடக அரங்குகளில் தாம் விரும்பிச் சென்று துயருற்றதைப் புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் மூன்றாம் புத்தகத்தில் ஆராய்கிறார். மேடைத் துயரம் எவரையும் உதவிக்கு எழும்படி அழைப்பதில்லை, வருந்தும்படி மட்டுமே அழைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

இரண்டாம் பகுதி தானேகாஷிமா என்னும் தீவில் நிகழ்கிறது. நெய்தல் நிலம், இரங்கலுக்கு உரியது. இரங்குபவளோ அகாரி அல்லள், தகாகியோடு பயிலும் கனாயே. பள்ளி விட்டதும் அவனுக்காக மறைந்து நிற்கிறாள். கடையில் எந்தப் பானம் வாங்குவதென்றுகூட அவளால் முடிவெடுக்க இயலவில்லை. அவனோ கைப்பேசியில் செய்திகளை எழுதி, எவருக்கும் அனுப்பாமல் அழித்துக்கொண்டிருக்கிறான். ராக்கெட் ஒன்று விண்ணேறும் மாலையில், அவன் பார்வை தன்னைத் தாண்டி எங்கோ செல்வதை அவள் உணர்ந்து, தன் அன்பைச் சொல்லாமலே விட்டுவிடுகிறாள். படத்தின் உயிர் இங்கேதான் உள்ளது என்பது நம் துணிபு. தொலைவிலிருப்பவளை எண்ணி உருகும் உள்ளம் அருகிலிருப்பவளை எவ்வளவு எளிதாகக் காணத் தவறுகிறது! பின்னாளில் மூன்றாண்டுகள் பழகிய வேறொரு பெண்ணும் இக்குறையோடுதான் அவனை விட்டு விலகுகிறாள்.

மூன்றாம் பகுதியில் இயக்குநரின் கை தளர்கிறது. தகாகி வேலையைத் துறப்பதும், அகாரி மற்றொருவரை மணக்கவிருப்பதும் ஒரு பாடலின்மீது விரையும் காட்சிகளாகக் கழிந்துவிடுகின்றன. யமாசாகி மசாயோஷி 1997-இல் பாடி வெளியிட்ட அப்பாடல் மிக உருக்கமானது. அவ்வுருக்கமே படத்துக்கு ஊறு செய்கிறது. கனாயேயின் முகம் மங்கிப்போக, பார்ப்பவர் தம் சொந்த இழப்பின் இனிமைக்குள் அமிழ்கின்றனர். தகாகி செய்த பிழையையே அவர்களும் செய்கின்றனர். அதனைச் செய்யத் தூண்டுவதோ படத்தின் இசை.

இறுதிக் காட்சியில் ரயில்வே கேட் ஒன்றில் இருவரும் எதிரெதிரே கடந்து செல்கின்றனர். அவன் திரும்பிப் பார்க்கையில் இரு ரயில்கள் குறுக்கிடுகின்றன. அவை போனபின் மறுபுறம் எவருமில்லை. அவன் முறுவலித்துத் தன் வழியே நடக்கிறான். அம்முறுவலைப் பற்றி அத்தொழிலாளரிடம் கேட்டோம். "சிரிக்கிறானா சாமி?" என்றார். கனாயேயின் பெயரும் அவர் நினைவில் இல்லை. ஐந்தாம் முறை பார்ப்பதானால் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்கும்படி சொல்லியிருக்கிறோம்.