விவிலிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்புகள்

'வேதம் ஒன்றாயின் அதன் ஆங்கில வடிவங்கள் பலவாவதேன்?' என்று நம்மவருள் ஏளனமாக வினவுவாருளர். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்ற நாவலர் பெருமான் பிறந்த நாட்டில் இவ்வினாவை இத்துணை எளிதாகக் கேட்டல் தகாது. மொழிபெயர்ப்பென்பது அகராதியைப் புரட்டி முடிக்குந் தொழிலன்று என்பதை அவர் நன்கறிந்தவர்.

பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்திலும், புதிய ஏற்பாடு கிரேக்கத்திலும் அமைந்தவை. வில்லியம் ரின்டேல் என்பார் 1526இற் புதிய ஏற்பாட்டை மூலத்தினின்று ஆங்கிலமாக்கி வெளியிட்டபோது, 'எக்கிளீசியா' என்னும் கிரேக்கச் சொல்லைத் திருச்சபை எனப் பொருள்படும் 'சேர்ச்' என்னாது, கூடிய மக்களைக் குறிக்கும் 'கொங்கிறிகேஷன்' என்றே பெயர்த்தார். 'பிறெஸ்பிற்றெரொஸ்' அவர் கையிற் குருவாகாது மூத்தோனாயிற்று. மாறியவை இரு சொற்களே. அசைந்ததோ குருமார் அதிகாரத்தின் அடித்தளம். தோமஸ் மோர் இச்சொற்களையே சுட்டிக் கடுங்கண்டனம் வரைந்தார். ரின்டேல் 1536இற் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பெற்றார்.

1560இல் வெளிவந்த ஜெனீவாப் பதிப்பின் ஓரக்குறிப்புகள் அரசரின் ஆணையையும் ஐயுறத் தூண்டின. முதலாம் ஜேம்ஸ் மன்னர்க்கு அவை உவப்பாகவில்லை. 1604இற் கூடிய ஹம்ரன் கோட் மாநாட்டின் பயனாய் 1611இல் வெளியான பெயர்ப்பிற் பழைய 'சேர்ச்' மீண்டது. மூலச்சொல்லை விளக்குதற்கன்றி ஓரக்குறிப்பு எழுதலாகாதென்ற விதியும் பெயர்ப்பாளர்க்கு விதிக்கப்பட்டிருந்தது. எனினும் அந்நூலின் ஓசையும் வாக்கியநடையும் பெரும்பகுதி ரின்டேலுடையனவே. எரிக்கப்பட்டவனின் மொழி அரசாணை பெற்ற வேதத்தில் வாழ்ந்தது விந்தையே.

ஆயினும் எல்லாப் புதுப்பெயர்ப்பும் அதிகாரப் பூசலாற் பிறந்தனவல்ல. 1611ஆம் ஆண்டார்க்குக் கிடைத்த கிரேக்கப் பாடம், பிற்காலப் பிரதிகள் சிலவற்றைக்கொண்டு 1516இல் எரஸ்மஸ் அச்சிட்டதன் வழிவந்தது. பின்னர் நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய்ப் பிரதி முதலியன அறிஞர் ஆய்வுக்கு எட்டின. பழைய கிரேக்கப் பிரதிகளிற் காணப்படாமையின், யோவானின் முதல் நிருபத்தில் விண்ணகச் சாட்சிகள் மூவரைக் கூறும் பகுதி 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் நீக்கப்பட்டது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங் காணும் முறையை அறிந்த நமக்கு இது புதுமையன்று. ஆங்கிலமும் நிலைத்து நின்றிலது. 'லெட்' என்னுஞ் சொல் 1611ஆம் ஆண்டுப் பெயர்ப்பிலே ஓரிடத்திற் 'தடு' என்னும் பொருளில் வருகின்றது. இன்றோ அது பெரும்பாலும் 'விடு' என்பதையே குறிக்கும்.

ஓசையின்பத்தில் 1611ஆம் ஆண்டு நூலைப் பிற்காலத்தன எவையும் விஞ்சவில்லை என்பது எமது துணிபு. ஆனால் ஓசை வேறு, உண்மை வேறு. 1952இல் அமெரிக்காவில் நிறைவுற்ற திருத்தப் பெயர்ப்பு ஏசாயா ஏழாம் அதிகாரத்தில் வரும் 'அல்மா' என்னும் எபிரேயச் சொல்லைக் 'கன்னி' என்னாது 'இளம்பெண்' என்றது. வட கரோலினாவிற் போதகரொருவர் அப்பக்கத்தை எரித்தார். மூலச்சொல் இளம்பெண்ணையே குறிக்குமாதலிற் பெயர்ப்பாளர் செய்தது நேர்மை. அவர்களே மத்தேயு சுவிசேடத்தில், அத்தொடர் எடுத்தாளப்படுமிடத்துக் 'கன்னி' என்பதையே வைத்தனர். ஆங்குள்ள கிரேக்கச் சொல்லின் பொருள் அதுவாகலின்.