இசையற்ற இசைத்தட்டு: மடிக்கணினிவழிக் கலவையில் கையும் கண்ணும்

மடிக்கணினியுடன் டர்ன்டேபிள் எனப்படும் இசைத்தட்டுச் சுழலியை இணைத்து இசை கலக்கும் டிஜேக்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘அசலா, போலியா’ என்னும் வினாவிலேயே நின்றுவிடுகிறது. கருவியின் இயக்கத்தை நோக்காத வினா அது.

நெதர்லாந்தில் உருவான ஃபைனல் ஸ்கிராட்ச், நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் 2004இல் வெளிக்கொணர்ந்த ஸ்கிராட்ச் லைவ் ஆகியவற்றில் சுழலும் தட்டு எப்பாடலையும் தாங்குவதில்லை. செராட்டோ தட்டில் பதிந்திருப்பது ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய சீரான ஒலியே. தட்டு விரைந்தால் அதிர்வெண் உயரும், தளர்ந்தால் தாழும். இடத்தடத்திற்கும் வலத்தடத்திற்கும் இடையே கால் அலை வேறுபாடு உண்டு. எத்தடம் முந்துகிறது என்பதைக் கொண்டு, தட்டு முன்னோக்கிச் சுழல்கிறதா பின்னோக்கிச் சுழல்கிறதா என்பதை மென்பொருள் உணர்கிறது. ஊசி தட்டின் எவ்விடத்தில் உள்ளது என்பதையும் அவ்வொலியில் பொதிந்த குறியீடு அறிவிக்கிறது. இவற்றிற்கேற்பக் கணினியிலுள்ள இசைக்கோப்பு ஓடுகிறது. ஏடாக இருந்த தட்டு எழுத்தாணியாக மாறிவிட்டது எனலாம். தட்டு தேய்கிறது, பாடல் தேய்வதில்லை என்னும் முரணும் இங்கிருந்தே எழுகிறது.

ஆகவே கை இழந்தது மிகக் குறைவு. 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த ஸ்கிராட்ச் உத்திகளைக் கட்டுப்பாட்டுத் தட்டிலும் நிகழ்த்த இயலும். ஒலி கணினிக்குள் சென்று திரும்பும் நுண்ணிய தாமதத்தைத் தேர்ந்த கைகள் உணரும் என்பது மட்டுமே வேறுபாடு.

பெரிதும் இடம்பெயர்ந்தது கண்ணின் பணியே. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தம் தட்டுகளில் மெழுகு வண்ணக்கோலால் குறியிட்டு, தாளப்பகுதி தொடங்கும் இடத்தை அறிந்தார். வரிப்பள்ளங்களின் ஒளி வேறுபாட்டைக் கொண்டே பாடலின் அடர்த்தியை ஊகித்தவர்களும் உண்டு. அங்கும் கண் செயற்பட்டது. ஆனால் வேகப் பொருத்தத்தைச் செவியே தீர்மானித்தது. இன்று திரையில் இரு அலைவடிவங்கள் அருகருகே ஓடுகின்றன. அடுத்த முழவடி ஒலிக்கும் முன்னரே கண்ணுக்குப் புலப்படுகிறது. கேட்டறிதல், கண்டதை உறுதிப்படுத்தும் செயலாகச் சுருங்குகிறது. சிங்க் வசதியோ வேகங்களைத் தானே பொருத்திவிடுவதால், கை செய்த திருத்தமும் வேண்டாததாகிறது. அந்நிலையில் தட்டு சுழல்வது அவையோரின் கண்ணுக்காகவே என்னும் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு.

எனினும் இக்குற்றச்சாட்டை எல்லா நிகழ்த்துநர்க்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. இக்கருவிகளில் ‘அப்சல்யூட்’, ‘ரிலேட்டிவ்’ என இரு முறைமைகள் உள்ளன. முன்னதில் ஊசி துள்ளினால் பாடலும் துள்ளும். பின்னதில் ஊசி எங்கு விழுந்தாலும் பாடல் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஒன்றில் இடர் கையின் பொறுப்பு. மற்றதில் அதனை மென்பொருள் ஏற்கிறது. நிகழ்த்துநர் எம்முறைமையில் இயங்கினார், சிங்க் வசதியைப் பயன்படுத்தினாரா என்பவற்றைக் குறிப்பிடாமல் அவர் கைத்திறனைப் புகழும் மதிப்புரையும் இகழும் மதிப்புரையும் எதனை மதிப்பிட்டன என்பது தெளிவாவதில்லை.