கையொப்பம் இல்லாத உழைப்பு: மரியாமா பாவின் நாவலும் மாம்புரிக் கரையும்

மேற்கு ஆபிரிக்கப் பெண்களின் நிலை பற்றிப் பேசுவோர், பலதார மணத்தை அக்கண்டத்தின் இயல்பாகவோ இஸ்லாத்தின் நேரடி விளைவாகவோ கூறி அமைவதுண்டு. செனகல் எழுத்தாளர் மரியாமா பா (1929–1981) பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘மிக நீண்டதொரு கடிதம்’ (1979) இவ்விளக்கத்தின் போதாமையை உணர்த்துகின்றது. 1980இல் முதலாவது நோமா விருதைப் பெற்ற இந்நாவலைக் கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரிக் கரையிலிருந்து நாம் மீண்டும் வாசித்தோம்.

கணவனை இழந்து ‘இத்தா’ இருக்கும் ஆசிரியை ரமத்துலாய் தன் தோழி அய்சத்துவுக்கு எழுதும் கடிதமே கதை. கணவன் மோது, தொழிலாளருக்காக வாதாடிய தொழிற்சங்கவாதி. அவனே மகளின் பள்ளித் தோழியை இரண்டாந் தாரமாக்குகிறான். வறுமையிலிருந்து மீள விழையும் தாயின் வற்புறுத்தலால் அச்சிறுமி இணங்குகிறாள். இருவரின் சேமிப்பில் வாங்கிய வீட்டின் உறுதி மோதுவின் பெயரில் மட்டுமே இருந்தது. புதுமனைவிக்கு வீடு வாங்க அவன் அதனையே ஈடு வைக்கிறான். அய்சத்துவின் வாழ்வைக் குலைப்பதோ குலப்பெருமை: பொற்கொல்லர் மகளை அரசகுல மாமியார் ஏற்க மறுக்கிறார். மதம், சொத்து, சாதி ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் இறுகியுள்ளன.

நாவலின் வரம்பையும் சுட்டவேண்டும். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியையின் குரலே இதில் ஒலிக்கின்றது. உடலுழைப்புப் பெண்களின் குரல் அரிதாகவே கேட்கின்றது. 1947–48 புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சித்திரிக்கும் செம்பேன் உஸ்மானின் நாவலில் (1960), தியேஸிலிருந்து டக்கார்வரை நடக்கும் பெண்கள் வரலாற்றை இயக்கும் சக்தியாகின்றனர். எனினும் போராளியின் வீட்டுக்குள் நிலவும் சுரண்டலை அணுகிக் காண பாவின் கடிதம் இன்றியமையாதது.

மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் எழுந்தன. கடற்றொழிலின் கணக்கு முறையோ பழையது. வள்ளத்துக்கும் வலைக்கும் பங்குண்டு. மீனைக் கீறி, உப்பிட்டு, கருவாடாக்கும் பெண்ணின் உழைப்போ பெரும்பாலும் வீட்டுவேலையின் நீட்சியாகவே எண்ணப்படுகிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனதும் மணமகளின் வலியினதும் கையொப்பங்களைக் கோரியது. மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. டக்காரின் வீட்டுறுதியும் புத்தளத்தின் விவாகப் பதிவும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன.

குடும்பத்தையும் தனிச்சொத்தையும் இணைத்து நோக்க ஏங்கெல்ஸ் 1884இலேயே வழிகாட்டினார். ஆயினும் பெண்விடுதலையை வர்க்கப் போராட்டத்தின் வெற்றிக்குப் பின் தானாக வருவதொன்றாகக் கருதி ஒத்திவைத்த தவறு, முற்போக்காளராகிய நம்மிடமும் இருந்தது. மோதுவை எதிரியின் முகாமில் தேடவேண்டியதில்லை. அவன் நமது கூட்ட மேடைகளில் அமர்ந்திருப்பவன். இந்நாவல் நம்மைச் சங்கடப்படுத்துவது அதனாலேயே. நாம் அதைப் பயிலவேண்டியதும் அதனாலேயே.